முதல் பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் கல்யாண வீடு, ஆலயப் பாடகர் குழு, உப்புவெளி ஹோட்டல் நிகழ்ச்சி என்று பேஸ் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்து வயர் சுருட்டும் நேரத்தில் ஒரு பிள்ளையோ பிள்ளையின் அப்பாவோ பக்கத்தில் வந்து நிற்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே தந்திருக்கிறேன். வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

1. நாலு கம்பிதானே அண்ணா, கிட்டாரை விடச் சுகமா இருக்குமா?

தொடங்குவதற்குச் சுகம். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் இதே பெயர்கள்தான், ஆனால் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கிட்டாரின் தடித்த ஈ கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 82 தடவை அதிரும். பேஸில் அது 41. அவ்வளவு கீழே இறங்க வேண்டுமென்றால் கம்பி தடிப்பாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். கிட்டாரில் 25½ அங்குலம் அளவில் இருக்கும் கம்பி நீளம் பேஸில் வழக்கமாக 34 அங்குலமாக இருப்பது அதனால்தான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ட்ரம்ஸ்காரரின் கால் அடியோடு ஒட்டிக்கொண்டு, பாட்டு முழுக்க ஒரே நிதானத்தில் நிற்க வேண்டும். பாடுகிறவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால் சபை பொறுத்துக்கொள்ளும். பேஸ் அரை அடி பிந்தினால் எல்லோருக்கும் ஏதோ சரிந்தது போல இருக்கும், ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியாது. அந்த வேலையில் ஆசை உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல வாத்தியம் இல்லை என்றே சொல்வேன்.

2. முதல்ல சாதாரண கிட்டார் பழகிட்டுத்தான் பேஸுக்கு வரவேணுமா?

தேவையில்லை. நேரடியாகத் தொடங்கலாம். கிட்டார் தெரிந்தவருக்கு ஃப்ரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்) சுரங்கள் எங்கே இருக்கின்றன என்பது முன்பே தெரிந்திருக்கும், அது ஒரு வசதி. ஆனால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அடிக்கும் பழக்கத்தை அவர் விட வேண்டியிருக்கும்.

3. மகளுக்கு 11 வயசு, கை சின்னன். பேஸ் பிடிக்க ஏலுமா?

ஏலும். கம்பி நீளம் 30 அங்குலம் உள்ள பேஸ்களும் இருக்கின்றன. ஷோர்ட் ஸ்கேல் என்று கேளுங்கள். வழக்கமான 34 அங்குல பேஸில் முதலாம் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். 30 அங்குலத்தில் அது பதினொன்றரை. சிறிய கைக்கு அந்த ஒன்றரை சென்ரிமீற்றர் பெரிய உதவி. ஸ்குவையர் ப்ரொங்கோ 30 அங்குலம், ஐபனீஸ் மிக்ரோ அதைவிடக் குறைவு, 28.6 அங்குலம். இவற்றில் ஈ கம்பி கொஞ்சம் தளர்வாக இருக்கும், ஒலியும் சற்று மென்மையாக இருக்கும். பழகுகிற பிள்ளைக்கு அது குறையே இல்லை.

இது சிறுவர் விளையாட்டுச் சாமான் என்று சிலர் நினைக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் போல் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸும் 30 அங்குலம்தான். அதேநேரம் 34 அங்குலத்தைப் பிள்ளையின் மடியில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். 11 வயதில் அதைத் தாராளமாகப் பிடிக்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

4. பி பேஸ், ஜே பேஸ் எண்டு சொல்றாங்களே, அது என்ன?

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். அதுவரை பேஸ் என்றால் பெரும்பாலும் ஆளுயரத்தில் நிற்கும் டபுள் பேஸ்தான். அதில் ஃப்ரெட் கிடையாது, காதை நம்பித்தான் விரல் வைக்க வேண்டும். ஃப்ரெட் வைத்ததால் சுரம் பிசகாமல் வந்தது, அதனால் துல்லியம் என்று பொருள்படும் அந்தப் பெயர். 1960இல் அதே கம்பனியிலிருந்து ஜேஸ் பேஸ் வந்தது. இன்று கடையில் தொங்கும் பேஸ்களில் மிகப் பல இந்த இரண்டின் வழியில் வந்தவைதான்.

கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். பி பேஸின் நெக் (கழுத்து), தலைப்பக்கத்தில் 41, 42 மில்லிமீற்றர் அகலம். ஜே பேஸில் 38 அளவுதான், மெல்லிய விரல்களுக்குச் சுகம். பி பேஸில் நடுவில் இரண்டு துண்டாக வெட்டி வைத்தது போன்ற ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பகுதி). ஒலி தடிப்பாக, நேராக வரும். ஜே பேஸில் இரண்டு ஒற்றைப் பிக்கப்கள். இரண்டையும் கலந்து பல நிறங்களில் ஒலி எடுக்கலாம்.

இரண்டையும் சேர்த்து, நடுவில் பி, பாலத்துக்கு (உடல் பக்கத்தில் கம்பிகள் தங்கும் உலோகத் துண்டு) கிட்ட ஜே என்று வருவதைப் பி-ஜே என்பார்கள். ஒரே பேஸை வைத்துக்கொண்டு பல விதமான இடங்களில் வாசிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

5. ஆக்டிவ் எண்டா நல்லது எண்டு கடைக்காரர் சொன்னார். உண்மையா?

ஆக்டிவ் பேஸுக்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கும். அது பெரும்பாலும் 9 வோல்ட் பற்றரியில் ஓடும். பேஸிலேயே கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் கூட்டிக் குறைக்கலாம். பாசிவ் பேஸுக்குப் பற்றரி வேண்டாம், ஒலியைக் குறைக்கும் குமிழ்கள் மட்டும்.

முதல் பேஸுக்குப் பாசிவ் போதும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆக்டிவ் பேஸில் வயரைச் செருகியபடி விட்டால் வாசிக்காவிட்டாலும் பற்றரி இறங்கும். இது பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. ஞாயிறு இரவு நிலாவெளியில் நிகழ்ச்சி நடுவில் ஒலி கரகரத்து அடங்கினால் அந்த நேரத்துக்கு 9 வோல்ட் பற்றரியை எங்கே தேடுவது? ஏற்கெனவே ஆக்டிவ் வாங்கிவிட்டீர்கள் என்றால், வாசித்து முடித்தவுடன் வயரைக் கழற்றுங்கள், பையில் புதிய பற்றரி ஒன்றை வைத்திருங்கள்.

6. நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?

நாலு. ஐந்தாவது கம்பி ஈ கம்பிக்குக் கீழே வரும் பி (ஆங்கில B, பி பேஸின் P அல்ல). அது விநாடிக்கு 31 அதிர்வுகள் அளவில் ஒலிக்கிறது. வீட்டில் பழகும் சிறிய ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி சரியாக வரவே வராது. நெக்கும் அகலமாகும், வாசிக்காத கம்பியைச் சத்தம் போடாமல் அமர்த்தி வைக்கிற வேலையும் கூடும்.

பாடகரின் குரலுக்கு ஏற்றபடி கீபோர்ட்காரர் சுருதியை ஈக்குக் கீழே இறக்கும் இடங்களில் ஐந்து கம்பி உதவும் என்பது உண்மை. அது மேடை ஏறிய பிறகு வரும் தேவை.

7. எந்தக் கம்பனி நல்லம்? ஒரு பேரைச் சொல்லுங்க சேர், வாங்கிடுறன்.

தொடக்க விலையில் நம்பி எடுக்கக்கூடியவை என்று ஸ்குவையர், யமஹா, ஐபனீஸ், கோர்ட் ஆகியவற்றைச் சொல்வேன். ஸ்குவையர் என்பது ஃபெண்டரின் விலை குறைந்த வரிசை. யமஹாவில் டிஆர்பிஎக்ஸ் 174 பாசிவ், பி-ஜே வகை. நாலாம், ஐந்தாம் பதில்களில் சொன்னதற்கு அது நேராகப் பொருந்துகிறது.

ஆனால் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். ஒரே கம்பனி, ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் இரண்டு பேஸ்களில் ஒன்று கைக்கு வெண்ணெய் போல இருக்கும், மற்றது விரலை வெட்டும். விலை குறைந்த வாத்தியங்களில் இந்த வித்தியாசம் அதிகம். அதனால் பிராண்டைவிட, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பேஸ் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடிக்கும் வழி அடுத்த பதிலில்.

8. எனக்கு வாசிக்கவே தெரியாது. கடையில நிண்டு எதைப் பார்க்கிறது?

வாசிக்கத் தெரியாமலே பார்க்கலாம். கைபேசியில் ஒரு டியூனர் செயலியும் பணப்பையில் மூன்று ஏ.டி.எம். அட்டைகளும் போதும். முதலில் பேஸை டியூன் செய்து தரச் சொல்லுங்கள். பிறகு உடல் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி, தச்சர் பலகையைப் பார்ப்பது போல நெக் வழியே தலைப்பக்கம் பாருங்கள். நெக் முறுகியிருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், முறுகலுக்கு மருந்து இல்லை. நேராக இருந்தால், ஈ கம்பியை ஒரு கையால் முதலாம் ஃப்ரெட்டிலும் மறு கையால் நெக் உடலோடு சேரும் இடத்திலும் அழுத்துங்கள். நடுவில், ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம், கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். அதற்கு ட்ரஸ் ரொட் என்று பெயர்.

அடுத்தது கம்பியின் உயரம். ஒரு ஏ.டி.எம். அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். மூன்றை அடுக்கினால் ஏறத்தாழ 2.3. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் வைத்து ஈ கம்பிக்குக் கீழே நுழைத்தால் அட்டைகள் கம்பியைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஐந்து அட்டை தளர்வாக நுழைந்தால் அது பிள்ளையின் விரலுக்குத் தண்டனை. கடையிலேயே இறக்கித் தர முடியுமா என்று கேளுங்கள், இறக்கிய பிறகு மறுபடி பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, ஒரு தடவை மீட்டுங்கள். நாலு கம்பிக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும், கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டாம். எங்காவது 'கிர்ர்' என்று உரசுகிறதா, எங்காவது ஒலி உடனே செத்துப்போகிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். அதே இடத்தை அழுத்தியும் மீட்டுங்கள். டியூனர் இரண்டுக்கும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நெக்கின் ஓரமாக உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டி, ஃப்ரெட் முனைகள் கீறுகின்றனவா என்றும் பாருங்கள். தோளில் மாட்டிக் கையை எடுத்தால் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரியக் கூடாது. குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கக் கூடாது.

9. கொழும்புக்குப் போய்த்தான் வாங்கவேணுமா? ஓன்லைன்ல எடுத்தா என்ன?

எட்டாம் பதிலில் சொன்ன எதையும் படத்தைப் பார்த்துச் செய்ய முடியாது. இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டை. ஒரு நாளைச் செலவழித்து இரண்டு மூன்று கடை ஏறி இறங்குவதில் நட்டம் இல்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அப்படி ஏலாதென்றால், பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள். பெட்டி வந்த அன்றே எட்டாம் பதிலின்படி பாருங்கள்.

பஸ்ஸில் கொண்டுவருகிறவர்கள் எஞ்சின் பக்கத்துச் சூட்டில் வைக்க வேண்டாம். மற்றச் சாமான்களுக்கு அடியில் படுக்க வைக்கவும் வேண்டாம். மடியோடு நிறுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

10. வெளிநாட்டில இருந்து வந்த ஆக்கள் பழசு விக்கினம். எடுக்கலாமா?

எடுக்கலாம். அதே காசுக்குப் புதியதைவிட ஒரு படி மேலான வாத்தியம் கிடைக்கும். நான் முதலில் வாங்கியது பழைய பேஸ்தான். நிறமும் பளபளப்பும் என்னை மயக்கிவிட்டன, நெக் வழியே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அது முறுகிய நெக். எட்டு மாதம், என் கைதான் பழுது என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். இன்னொரு பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எட்டாம் பதிலை அவ்வளவு நீளமாக எழுதினேன். பழையதில் கூடுதலாக இரண்டு விடயங்கள் பாருங்கள். ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருகிக் காட்டச் சொல்லுங்கள். அது அசையாமல் இறுகிப்போயிருந்தாலோ, எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா சுற்றினாலோ வேண்டாம். கம்பிகளுக்குக் கீழே ஃப்ரெட்களில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் அதைச் சீராக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பேஸோடு ஆம்பும் தருகிறேன் என்றால் அதன் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படிக்காமல் செருக வேண்டாம். கனடா, அமெரிக்கா ஆம்ப்கள் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே 230. நேரே செருகினால் அந்த நிமிடமே எரியக்கூடும். அதற்கு வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போர்மர் வேண்டும். இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியா ஆம்ப்களுக்கு ப்ளக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பேஸ் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பிரச்சினை இல்லை.

11. ஆம்ப் கட்டாயமா? வீட்டு செட்டில செருகினா என்ன?

பாட்டுக் கேட்கும் செட்டில் செருக வேண்டாம். பாட்டுப் பதிவில் ஒலி ஏற்கெனவே அமர்த்திச் சமன் செய்யப்பட்டிருக்கும். பேஸ் கம்பியை நேரே ஒரு இழு இழுத்தால் வரும் திடீர் அடி சின்ன ஸ்பீக்கர் கூம்பைப் பிய்த்துவிடும். சாதாரண கிட்டார் ஆம்புக்கும் இதே ஆபத்து, மிக மெல்லிய சத்தத்தில் மட்டும் தப்பலாம். வீட்டில் பழக 20 முதல் 40 வாட் பேஸ் ஆம்ப், 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரோடு போதும். காசு இறுக்கமென்றால் பேஸில் நேரே செருகும் சிறிய ஹெட்போன் ஆம்ப் ஒன்றை வாங்கி, நல்ல ஹெட்போனோடு தொடங்குங்கள். பாடசாலைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இது இரட்டை நன்மை.

ட்ரம்ஸோடு மேடையில் நிற்க 200, 300 வாட் தேவைப்படும், ஆனால் அதை இப்போது வாங்க வேண்டாம். மண்டபத்திலோ ஆலயத்திலோ மிக்ஸர் இருந்தால், டிஐ பொக்ஸ் என்ற சிறு பெட்டி வழியாக அதில் செருகிவிடலாம். காசைப் பிரிக்க என் கணக்கு: பத்துப் பங்கில் ஆறு பேஸுக்கு, மூன்று ஆம்புக்கு, மிச்சம் ஒன்று வயர், பட்டி, பை, ஒரு செட் கம்பிக்கு.

12. செருகினா 'ஊம்' எண்டு இரையுது. பேஸ் பழுதா?

பெரும்பாலும் இல்லை. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகிறது, ஒற்றைப் பிக்கப் அந்த அலையையும் பிடித்துக்கொள்ளும். நாலாம் பதிலில் சொன்ன ஜே பேஸில் இரண்டு பிக்கப் குமிழ்களையும் ஒரே அளவில் வையுங்கள், இரைச்சல் நன்றாகக் குறையும். பி பிக்கப்பின் இரண்டு துண்டுகளும் ஒன்றின் இரைச்சலை மற்றது அழிப்பதுபோல அமைந்தவை, அதனால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

கம்பியைத் தொட்டால் கை கூசுகிறது, சுள்ளென்கிறது என்றால் விடயம் வேறு. அதே நேரத்தில் ஆம்பை நிறுத்திக் கழற்றி, வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின் வேலை தெரிந்தவரிடம் பாருங்கள். இரைச்சலைக் குறைக்க ப்ளக்கின் எர்த் காலை வெட்டச் சொல்லி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து.

13. கடல் காத்துக்கு மூணு மாசத்தில கம்பி துரு பிடிச்சிட்டுது. என்ன செய்ய?

டச்சுக்குடாப் பக்கமும் அலஸ்தோட்டத்திலும் இருப்பவர்கள் இதை எப்போதும் கேட்பார்கள். வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால்தான் துரு இவ்வளவு வேகமாக வருகிறது. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கிட்டத் தொங்கவிட வேண்டாம். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் போட்டுவையுங்கள். மேற்பூச்சுள்ள கம்பிகள் விலை கூட, ஆனால் நம் ஊருக்கு அந்தக் காசு வீண் போகாது. வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளில் அழுக்குத் தங்கும் பள்ளங்கள் இல்லை, அவையும் நீண்ட நாள் இருக்கும். 1960களில் அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பனிப் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அந்த வகையைத்தான் பாவித்தார், அடிக்கடி மாற்றவும் இல்லை.

கம்பியைப் போலவே மரமும் காலநிலையை உணரும். கார்த்திகை, மார்கழி மாரியில் ஈரத்தை இழுத்து ஊதும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கும். போன மாதம் நன்றாக இருந்த பேஸ் திடீரென்று உரசுகிறது என்று பிள்ளைகள் பயந்து கொண்டுவருவது இந்த மாற்றங்களின்போதுதான். பேஸ் பழுதாகவில்லை, நெக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மாரி தொடங்கும்போதும் கச்சான் தொடங்கும்போதும் விசிட்டிங் கார்ட் சோதனையை ஒரு தடவை செய்யுங்கள். ட்ரஸ் ரொட்டைத் திருக வேண்டியிருந்தால் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருக வேண்டாம்.

14. பைலா, சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு எல்லாத்துக்கும் ஒரே பேஸ் காணுமா?

காணும். கைதான் மாற வேண்டும். பாலத்துக்குக் கிட்டே மீட்டினால் ஒலி இறுக்கமாகத் தெளிவாக வரும், பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியே கேட்க அது பொருந்தும். நெக் பக்கம் கையை நகர்த்தி டோன் குமிழைப் பாதி குறைத்தால் மெதுவான பக்திப் பாட்டுக்கு ஏற்ற உருண்டையான ஒலி. எண்பதுகளின் தமிழ்ச் சினிமாப் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அவற்றை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு எடுத்துப் பழகுவதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

15. மகன் இடக்கை. இடக்கைப் பேஸ் எங்கயும் இல்லை எண்டுறாங்க.

குறைவுதான். முதலில் சாதாரணப் பேஸைக் கொடுத்து இரண்டு வாரம் பாருங்கள். இரண்டு கைக்குமே வேலை இருப்பதால் பல இடக்கைப் பிள்ளைகள் அப்படியே பழகிவிடுகிறார்கள். கை ஒத்துவரவே இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், இடக்கைப் பேஸை ஓடர் பண்ணிக் காத்திருங்கள். மூன்றாம் பதிலில் சொன்ன மெக்கார்ட்னியும் இடக்கைக்காரர்தான்.

16. வாங்கி ஒரு வருஷம். மேல் ஃப்ரெட்ல சுருதி விலகுது. வேற பேஸ் எடுக்கவா?

அவசரப்பட வேண்டாம். முதலில் புதுக் கம்பி போடுங்கள், தேய்ந்த கம்பியில் சுருதி நிற்காது. பிறகு நெக் இடைவெளியையும் கம்பி உயரத்தையும் சரிபார்த்துவிட்டு, எட்டாம் பதிலில் சொன்ன மணி ஒலிச் சோதனையைச் செய்யுங்கள். அழுத்திய சுரம் மணி ஒலியைவிட மேலே நின்றால், பாலத்தில் அந்தக் கம்பி தங்கும் சிறு துண்டைப் பின்னால் நகர்த்த வேண்டும். கீழே நின்றால் முன்னால். பின்பக்கத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி டியூன் செய்து, மறுபடி பார்க்க வேண்டும். நாலு கம்பிக்கும் அரை மணித்தியாலம் போதும். திருகாணி துருவில் இறுகியிருந்தால் பலவந்தப்படுத்தாமல் ஒரு துளி எண்ணெய் விட்டு, அடுத்த நாள் திருப்புங்கள்.